எண் எழுதாத மூடி

அத்தியாயம் 4

மூன்று மணிக்குள் கையெழுத்து. இல்லையென்றால் போலீஸ்.

ஃபாரெஸ் கஹியா இதைக் குரல் உயர்த்தாமல் சொன்னான். குரலை உயர்த்த வேண்டிய நிலை அவனுக்கு வாழ்க்கையில் வந்ததே இல்லை. லா மர்ஸாவில் கடலைப் பார்த்த வீட்டில் பிறந்தவன். முப்பத்தைந்து வயதில் இந்தக் கம்பெனியின் மேலாளர். மேஜை மேல் அவன் தள்ளிய தாளில் பிரெஞ்சில் பதினோரு வரிகள் இருந்தன. சாரம் ஒன்றுதான்: தவறு என்னுடையது, என்னுடையது மட்டுமே, நானாகவே வேலையை விடுகிறேன்.

தாளுக்கு எதிரே மப்ரூகா நஸ்ரி நின்றாள். வயது இருபத்தாறு. கஸ்ரீனுக்கு மேலே ஒரு மலைக்கிராமம். அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் கால் அவளுடையது. உட்காரும்படி யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் உட்கார்ந்திருக்க மாட்டாள்.

“போட்டுட்டா நல்லபடியா அனுப்பி வெச்சிடுவோம்,” என்றான் ஃபாரெஸ். “உங்க ஊர்ப்பக்கம் போலீஸ், கோர்ட்டுன்னா குடும்பத்துக்கே கஷ்டமில்லையா?”

“எங்க ஊர்ப்பக்கம் செய்யாத தப்புக்குக் கையெழுத்துப் போட்டாத்தான் கஷ்டம். வீட்டுக்குள்ள விட மாட்டாங்க.”

எனக்கு அவளைப் பிடித்துப்போனது. நான் அல்ஜியா. ரெதெயெஃப் சுரங்க ஊர். அப்பா பாஸ்பேட் கழுவும் ஆலையில் முப்பது வருடம் தூசி தின்றவர். கம்ப்யூட்டர் பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு மூன்று வருடம் வேலை தேடினேன். கிடைத்தது இது: துப்பறியும் தலெந்தா கர்பியின் உதவியாளர் வேலை. என் பட்டம் இன்றுதான் முதல்முறையாகச் சோறு போடப்போகிறது.

தலெந்தா மேடம் ஜன்னலோரம் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார். ஐம்பத்து நான்கு வயது. இருபத்தைந்து வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்த் தீவிபத்துகளைக் கண்டுபிடித்தவர். கம்ப்யூட்டரை அவர் தொடுவது தூசி தட்ட மட்டும்.

“யார் இவங்க?” என்றான் ஃபாரெஸ்.

“என் பக்கத்து ஆளுங்க,” என்றாள் மப்ரூகா. “உங்களுக்கு வக்கீல் இருக்கார் இல்ல? எனக்கு இவங்க.”

“மணி என்ன, அல்ஜியா?” மேடம் கேட்டார்.

“பன்னிரண்டு இருபது.”

“நிறைய நேரம் இருக்கு. மொதல்ல எனக்குப் புரியற மாதிரி சொல்லு. இங்க என்னதான் செய்யறாங்க?”

சொன்னேன். மனிதன் எழுதுகிற கட்டளையைக் கம்ப்யூட்டர் சில்லுக்குப் புரிகிற கட்டளையாக மாற்றித் தருவது கம்பைலர். இந்தக் கம்பெனி விற்பது ஒரு கம்பைலரைத்தான். அதை வாங்கிய இடங்களில் ஒன்று, சூஸ் நகரத்தில் ரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரம் செய்கிற தொழிற்சாலை. போன வாரம் அங்கே ஒரு இயந்திரத்தை வாளித் தண்ணீர் வைத்துச் சோதித்தார்கள். நிற்க வேண்டிய இடத்தில் அது நிற்கவில்லை. அறை முழுக்கத் தண்ணீர்.

“தண்ணிதானே?” என்றான் ஃபாரெஸ்.

“ஆமா, இந்தத் தடவ தண்ணி,” என்றாள் மப்ரூகா.

“ஏன் நிக்கல?” மேடம் கேட்டார்.

“உங்க கார்ல கிலோமீட்டர் மீட்டர் இருக்கே மேடம்,” என்றேன். “அது லட்சத்தைத் தொட்டா என்ன ஆகும்?”

“சுத்தி பூஜ்யத்துக்கு வந்துடும். என் வண்டியில ரெண்டு தடவ வந்தாச்சு.”

“அந்த இயந்திரத்துலயும் ஒரு மீட்டர். ‘சுத்தி பூஜ்யத்துக்கு வந்தா நிறுத்து’ன்னு ஃபாக்டரிக்காரங்க ஒரு வரி எழுதியிருக்காங்க. கம்பைலர் அதைப் படிச்சது. ‘மீட்டராவது சுத்தறதாவது, நடக்கவே நடக்காது’ன்னு தானா முடிவு பண்ணி, அந்த வரியத் தூக்கிப் போட்டுடுச்சு. ஒரு வரி கம்மி, ஓட்டம் வேகம்.”

மேடம் விதைத் தோலைக் கையில் சேர்த்துக்கொண்டு ஃபாரெஸைப் பார்த்தார். “நடக்கவே நடக்காதுன்னு முடிவு பண்ற ஆளுங்களை எனக்குத் தெரியும். எல்லா ஆபீஸ்லயும் உண்டு.”

*

வேலை செய்யும் அறைக்கு எங்களைக் கூட்டிப் போனது நூமான். மப்ரூகாவின் பக்கத்து மேஜைக்காரன். சட்டையில் ஹரிஸா மிளகாய் விழுதுக் கறை, வாயில் நிற்காத பேச்சு.

அறையின் நடுச்சுவரில் ஆளுயரத் திரை. அதில் ஐந்நூற்றுச் சொச்சம் சின்னக் கட்டங்கள், எல்லாம் பச்சை. “இதுதான் போர்டு. ஒவ்வொரு கட்டமும் ஒரு டெஸ்ட்,” என்றான் நூமான். “கம்பைலர்ல யாராவது கைவெச்சா எல்லா டெஸ்ட்டும் ஓடும். ஒண்ணு தோத்தாலும் சிவப்பு.”

“மப்ரூகா மேல பழி போட்டிருக்காங்களே, அந்த நானூத்திப் பதினேழு எது?” என்றேன்.

“அதுதான் மீட்டர் டெஸ்ட். மூணு வாரம் முன்னாடி ஒரு வெள்ளிக்கிழமை, மதியம் பன்னிரண்டு ஐம்பதுக்கு, யாரோ அதுக்கு ‘தெரிஞ்ச தோல்வி’ன்னு குறி போட்டிருக்காங்க. அந்தக் குறி விழுந்தா அது தோத்தாலும் போர்டு கண்டுக்காது. பச்சையாவே சிரிக்கும்.”

“யாரோ இல்ல,” என்றான் பின்னாலேயே வந்த ஃபாரெஸ். “மப்ரூகா. அவ பேர்ல, அவ மெஷின்ல.”

“அந்த மெஷின்தான் போர்டை ஓட்டுது,” என்றாள் மப்ரூகா. “பூட்டினா போர்டு நின்னுடும். அதனால பூட்டறதே இல்ல. அந்த நேரம் நான் வெளியில லப்லாபி சாப்பிட்டுட்டு இருந்தேன். யார் வேணும்னாலும் உக்காந்திருக்கலாம்.”

திரைக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு அச்சடித்த தாள் ஒட்டியிருந்தது. தலைப்பு: ‘புதிய முன்னுரிமைகள்’. முதல் வரி வேகம். இரண்டாவது புதிய சில்லு. மூன்றாவது, வேகத்தைக் காட்டும் விளம்பரப் படம். அப்படியே இறங்கி ஏழாவது வரியில், ‘பழைய டெஸ்ட் குறிகளைச் சரிபார்த்தல், நேரம் இருந்தால்’. கீழே ஃபாரெஸின் கையெழுத்து, தேதியோடு.

அந்தத் தாளின் ஓரத்தில் அடியிலிருந்து நீல மை எட்டிப் பார்த்தது. மேடம் விரலால் தாளை மெல்லத் தூக்கினார். சுவரிலேயே பேனாவால் எழுதியிருந்தது: ‘ஒன்று: தப்பான கட்டளை வெளியே போகக் கூடாது. இரண்டு: இன்று ஓடியது நாளையும் அதேபோல ஓட வேண்டும். மூன்று: பிழையை மனிதனுக்குப் புரிகிற மாதிரி சொல். இவ்வளவும் முடிந்த பிறகு வேகம்.’

“யார் கை?”

“ஷாகிர் ஜெலாஸி சார்,” மப்ரூகாவின் குரல் முதல்முறையாக இளகியது. “தலைமை எஞ்சினியர். இந்தக் கம்பைலரை முதல் வரியிலேர்ந்து எழுதினவர். ம்யூனிக்ல வேலை கிடைச்சுப் போயிட்டார். நாப்பது கம்பெனி என் ஊர்ப் பேரைப் பார்த்துட்டு வேண்டாம்னப்போ, ஊர் எங்கன்னே கேக்காம என்னை எடுத்தவர். அவர் மட்டும் போனை எடுத்தார்னா ஒரே நிமிஷத்துல இது முடிஞ்சிடும்.”

“எடுக்கலையா?”

“இருபது தடவ போட்டேன். புது வேலை. ஓய்வே இருக்காது.”

“அந்தாளை இழுக்க வேண்டாம்,” என்றான் ஃபாரெஸ். “அந்த வெள்ளிக்கிழமைதான் அவர் கடைசி நாள். பன்னிரண்டு மணிக்கே அவர் கணக்கை மூடிட்டோம். அவரே நினைச்சாலும் ஒரு எழுத்தைக்கூட மாத்த முடியாது.”

மேடம் தலையாட்டினார். அந்த ஆட்டலுக்கு எனக்கு இரண்டு வருடப் பழக்கத்தில் அர்த்தம் தெரியும். சொன்னதை நம்பினேன் என்பதல்ல, சொன்னதை வைத்துக்கொண்டேன் என்பது.

நான் அவர் காதில் சொன்னேன். “மேடம், இவன்தான். பட்டியலை மாத்தினது இவன், வேகம் வேணும்னது இவன், கையெழுத்துக்குப் பறக்கறது இவன். மூஞ்சியப் பாருங்க, பாலீஷ் போட்ட பொய் மாதிரி இருக்கான்.”

“மூஞ்சிய வெச்சு ஜெயில்ல போட்டா நீதான் மொதல்ல உள்ள போவ.” ஃபாரெஸ் பக்கம் திரும்பினார். “தம்பி, அந்தக் குறி எப்படிப் போடறதுன்னு எனக்கு ஒரு தடவ காட்டுங்களேன். வேற ஏதாவது டெஸ்ட்டுக்கு.”

ஃபாரெஸ் மப்ரூகாவின் மேஜையில் உட்கார்ந்தான். மவுஸை நகர்த்தினான். ஒரு ஜன்னலைத் திறந்தான், மூடினான். இன்னொன்றைத் திறந்தான். கழுத்து சிவந்தது. “நூமான்! இது எங்க இருக்கு?”

“கறுப்பு ஜன்னல்ல, சார். கட்டளை அடிக்கணும்.”

“என்ன கட்டளை?”

மேடம் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். கதவு எங்கே இருக்கிறதென்றே தெரியாதவன் திருட வந்திருக்க முடியாது. என் அழகான சந்தேகம் அரை நிமிடத்தில் செத்தது.

அதே மூச்சில் மேடம் அறை மூலையைக் காட்டினார். “அது என்ன கோபுரம்?”

ஃப்ரிட்ஜ் மேல் அட்டைப்பெட்டி மூடிகள் கூரை வரை அடுக்கியிருந்தன.

நூமானின் முகம் மலர்ந்தது. “அபராதம்! யார் போர்டைச் சிவப்பாக்கினாலும் மறுநாள் காலையில எட்டு மணிக்குள்ள ஒரு கிலோ மக்ரூத் இனிப்பு வாங்கிட்டு வரணும். ஹமாதி கடை மக்ரூத்தான். மூடியில டெஸ்ட் நம்பர். ஷாகிர் சார் வெச்ச சட்டம். அவர் ஒரு தடவகூட ஏமாத்தினது இல்ல. ஒருநாள் ஜுரத்தோட வந்து பெட்டியக் குடுத்துட்டுத் திரும்பிப் போய்ப் படுத்துக்கிட்டார். இந்த அடுக்குல பாதி என்னோடது.”

“உன் சட்டையப் பார்த்தாலே தெரியுது,” என்றேன்.

“மேடம் முன்னாடி மானத்த வாங்காதீங்க அக்கா.”

மேடம் நாற்காலியில் ஏறினார். இந்த வயதில் ஏன் என்று நான் கேட்பதற்குள் மூடிகளை ஒவ்வொன்றாகப் புரட்ட ஆரம்பித்தார். எழுபத்தி மூன்று. இருநூற்றி ஆறு. முப்பது. எல்லாவற்றிலும் கொட்டை எழுத்தில் எண். மேலிருந்து மூன்றாவது மூடியில் நின்றார். அதில் எண் இல்லை. தேன் பிசுக்கு மட்டும்.

“இது?”

“அது சும்மா வந்தது,” என்றான் நூமான். “ஷாகிர் சார் போன மறு திங்கட்கிழமை காலையில கீழ காவலாளி குடுத்தான். சனிக்கிழமையே யாரோ வெச்சிட்டுப் போனாங்களாம். யாருன்னு கேக்கல. மக்ரூத் சும்மா வந்தா நாங்க விசாரணை கமிஷன் வைக்கறதில்ல.”

“அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை போர்டு சிவப்பாச்சா?”

“இல்லையே. நாள் முழுக்கப் பச்சை.”

“ஷாகிர் பிரிவு விருந்து?”

“அதுக்குத் தனியா கேக். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கே வெட்டியாச்சு.”

மேடம் இறங்கினார். மூடியைக் கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டார். “போர்டு சிவப்பாகல. ஆனா அபராதம் வந்திருக்கு. வா, அல்ஜியா. இனிப்பு வாங்கலாம்.”

*

ஹமாதியின் கடை துனிஸை ஒட்டிய அரியானாவில், மார்க்கெட்டுக்குப் பின்னால். மேடத்தின் கார் அங்கே போய்ச் சேர நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டது. வழியில் இரண்டு முறை நின்றது. இரண்டு முறையும் நான் தள்ளினேன்.

“மீட்டர் மூணாவது தடவ சுத்தப் போகுது மேடம். அப்பவாவது இதை விக்கலாம்.”

“அப்ப இது புது வண்டிடி. பூஜ்யத்துலேர்ந்து ஓடும்.”

எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னால் ஹமாதி நின்றார். தடிமனான மீசை, மாவு படிந்த கை. மேடம் மூடியைக் காட்டியதுமே சிரித்தார்.

“மெஷின்காரப் பசங்க! எனக்கு ரொம்ப வேண்டியவங்க, தாயி. அவங்க தப்புப் பண்ணப் பண்ண எனக்கு வியாபாரம். காலையில ஏழரைக்கு இழவு வீட்டு மூஞ்சியோட யார் வந்தாலும் நான் ஒரு கிலோ கட்டிடுவேன். நம்பர் சொல்வாங்க, நானே எழுதிடுவேன்.”

“இதுல எழுதலையே?”

ஹமாதி மூடியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். சிரிப்பு குறைந்தது. “இது அந்தச் சனிக்கிழமை. என்ன நம்பர்னு கேட்டேன். பதில் இல்ல. மறுபடி கேட்டேன். ‘வேண்டாம் ஹமாதி, சும்மா கட்டு’ன்னார். நான் காசு வேண்டாம்னேன். இத்தனை வருஷப் பழக்கம், ஊரை விட்டுப் போறாரு. ‘இதுக்குக் குடுத்தே ஆகணும்’னு கையில திணிச்சிட்டுப் போனாரு. டாக்ஸி வெளிய நின்னுச்சு, மேல ரெண்டு பெரிய பெட்டி.”

யார் என்று கேட்கத் தேவையில்லை. ஆனாலும் மேடம் கேட்டார்.

“ஷாகிர் சார்தான். வேற யாரு?”

வெளியே வெயிலில் நின்றோம். நான் சொன்னேன், “தெரிஞ்சேதான் கூட்டிட்டு வந்தீங்களா?”

“சனிக்கிழமைன்னதுமே பாதி தெரிஞ்சிடுச்சு. அபராதம் மறுநாள் காலையில கட்டணும். வெள்ளிக்கிழமை தப்புக்கு ஆபீஸ் ஆள் எவனா இருந்தாலும் திங்கட்கிழமை கட்டுவான், சனிக்கிழமை பூட்டியிருக்குமே. திங்கட்கிழமை இல்லாத ஆள் மட்டும்தான் சனிக்கிழமை கட்டுவான்.”

“ஆனா அவர் கணக்கைப் பன்னிரண்டுக்கே மூடிட்டாங்களே.”

“அதனாலதான் அந்தப் பொண்ணோட மெஷின்ல உக்காந்தார்.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஃபாரெஸ் மாதிரி ஆட்களை நாங்கள் பிறந்ததிலிருந்து பார்க்கிறோம். அவர்கள் அடிப்பார்கள் என்று தெரிந்தே வருகிறோம். ஆனால் ஊர் எங்கே என்று கேட்காமல் வேலை கொடுத்தவர், கையைக் கழுவ அவள் தண்ணீரை எடுத்திருக்கிறார். பிறகு மனசாட்சிக்கு ஒரு கிலோ மக்ரூத்.

“இதை அவகிட்ட யார் சொல்றது?” என்றேன்.

“அவரே சொல்லட்டும்.” மேடம் மறுபடி கடைக்குள் நுழைந்தார். “ஹமாதி, ஷாகிர் நம்பர் உங்ககிட்ட இருக்கா?”

“இல்லாம? ஆர்டரே போன்லதான்.”

“நீங்க கூப்பிட்டா எடுப்பாரா?”

“என் போனை எடுக்காத ஆள் துனிஸ்ல இல்ல, தாயி.”

“போனைக் கொஞ்சம் குடுங்க.”

“போன் போற இடத்துக்கு நானும் வருவேன்,” என்று அடுப்பை அணைத்தார் ஹமாதி. “ஆனா அந்தக் காரைத் தள்ள மாட்டேன்.”

தள்ளினார்.

*

இரண்டு நாற்பத்தெட்டுக்கு உள்ளே போனோம். கூட்ட அறையில் ஃபாரெஸ், அதே தாள், மூடி கழற்றிய பேனா. மப்ரூகா இன்னும் நின்றுகொண்டிருந்தாள். இரண்டரை மணி நேரமாக.

“பன்னிரண்டு நிமிஷம்,” என்றான் ஃபாரெஸ். “இது யாரு? சமையல்காரரா?”

“சாட்சி,” என்றேன். “இவர் செய்யற சாட்சியைச் சாப்பிடவும் செய்யலாம்.”

மேடம் மப்ரூகாவின் அருகில் போனார். “இப்ப ஒரு குரல் கேக்கும். அவர் பேசி முடிக்கிற வரைக்கும் பேசாதே. முடியுமா?”

“யார் குரல்?”

மேடம் ஹமாதிக்குச் சைகை காட்டினார். வழியிலேயே பாடம் நடத்தியிருந்தார்: ஒரே ஒரு கேள்வி, அதற்கு மேல் ஒரு சொல் கூடாது. ஹமாதி ஸ்பீக்கரில் போட்டுப் போனை மேஜை மேல் வைத்தார், தாளுக்கு மேலேயே. எண்ணெய் விரல் ரேகை பிரெஞ்சு வரிகளின் நடுவில் பதிந்தது.

இரண்டாவது மணியில் எடுத்தார். இருபது முறை எடுக்காதவர்.

“ஹமாதி! என்னய்யா, நல்லாயிருக்கியா?” பின்னால் டிராம் சத்தம்.

“இறைவன் புண்ணியத்துல. சார், ஒரு விஷயம். அன்னைக்கு வாங்கின கடைசிப் பெட்டி மூடியில நம்பர் எழுதலையே. பசங்க அடுக்கி வெச்சிருக்காங்க, இது ஒண்ணுதான் மொட்டையா இருக்கு. என்ன நம்பர் எழுதட்டும்?”

டிராம் போய்விட்டது. யாரும் அசையவில்லை. ஃபாரெஸ்கூட.

“நானூத்திப் பதினேழு,” என்றது குரல்.

பிறகு, மிகவும் தாழ்ந்து: “அவ கண்டுபிடிச்சிட்டாளா?”

மப்ரூகாவின் கை நாற்காலியின் முதுகைப் பிடித்தது. அவளை அழவைக்க வேண்டும் என்று வந்த எதற்கும் அன்று அவள் அழவில்லை. இதற்கும் அழவில்லை. ஆனால் முகத்தில் ஏதோ மூடிக்கொண்டது.

“கண்டுபிடிச்சிட்டேன், சார்.”

“மப்ரூகா... அந்த வேகத் தந்திரம் நான் எழுதினது. மீட்டர் வரியத் தின்னுதுன்னு கடைசி வாரம்தான் தெரிஞ்சது. சரிபண்ண எனக்குப் பத்து நாள் வேணும். ஃபாரெஸ் வெளியீட்டுத் தேதியத் தள்ளவே மாட்டேன்னான். சிவப்பு போர்டை விட்டுட்டுப் போனான்னு பேர் வரக் கூடாதுன்னு... நீ எல்லாக் குறியையும் திங்கட்கிழமையே பார்ப்பேன்னு நினைச்சேன். பிடிச்சிடுவேன்னு நம்பினேன்.”

“பார்க்க ரெண்டு நாள் கேட்டேன் சார். குடுக்கல.” அவள் ஒவ்வொரு சொல்லாக வைத்தாள். “இருபது தடவ போன் பண்ணேன். நீங்க பயந்துட்டீங்க. அது பரவாயில்ல, எனக்கும்தான் பயம். ஆனா என் பேரை எடுத்து அது மேல போட்டீங்களே. அந்தப் பேர் ஒண்ணுதான் சார் நான் ஊர்லேர்ந்து கொண்டுவந்தது.”

“நான் எழுதித் தர்றேன். இப்பவே. மெயில் அனுப்பறேன்.”

“அனுப்புங்க.” அவளே போனை அணைத்தாள்.

ஃபாரெஸ் தொண்டையைக் கனைத்தான். நிமிடத்தில் நிறம் மாறிய புன்னகையோடு தாளை மடித்தான். “நல்லதாப் போச்சு. ஷாகிர் பேரைச் சொல்லிடலாம். அவர் இங்க இல்ல, அவருக்கு ஒண்ணும் ஆகாது. மப்ரூகா, நீ உன் வேலைக்குப் போகலாம். கசப்பெல்லாம் மறந்துடுவோம். மூணு மணிக்கு வர்ற ஃபாக்டரிக்காரங்களுக்கு போர்டைக் காட்டுவோம், பச்சையா இருக்கு, அனுப்பி வெச்சிடுவோம்.”

“போர்டு பச்சையா இருக்கறது பொய்,” என்றாள் மப்ரூகா.

“இன்னும் ஒரு வாரம் பொறுத்தா...”

அவள் கேட்கவில்லை. வேலை அறைக்கு நடந்தாள். நாங்கள் பின்னால் போனோம். சுவரில் இருந்த ‘புதிய முன்னுரிமைகள்’ தாளை ஓரம் ஓரமாக, கிழியாமல் உரித்து எடுத்தாள். அடியில் இருந்த நீல எழுத்து முழுவதும் வெளியே வந்தது.

“கிழிச்சுப் போட வேண்டியதுதானே?” என்றான் நூமான்.

“எதுக்கு? ஏழாவது வரி இருக்கே. தேதியோட கையெழுத்தும் இருக்கு. பார்க்காதேன்னு சொன்னது யாருன்னு கேட்டா காட்ட வேண்டாமா?” தாளை தலெந்தா மேடத்திடம் நீட்டினாள். “பத்திரமா வெச்சிருங்க.”

மேடம் அதை எண் எழுதாத மூடிக்குள் வைத்தார்.

“அவர் எழுதினதையா மறுபடி வெச்சுக்கப் போற?” நான் சுவரைக் காட்டிக் கேட்டேன். எனக்குப் பொறுக்கவில்லை. “அவரே முதல் வரியக் காப்பாத்தலையே!”

“எழுதினவர் காப்பாத்தலன்னா வரி தப்பாயிடுமா? இனிமே அது அவரோடது இல்ல.” ஒரு பேனாவை எடுத்து, நான்கு வரிக்கும் கீழே ஒன்று சேர்த்தாள்: ‘குறி போடுகிறவர் தன் பேரில் போட வேண்டும்.’

பிறகு தன் மேஜையில் உட்கார்ந்தாள். அன்று முதல்முறையாக உட்கார்ந்தாள். கறுப்பு ஜன்னலில் ஒரு வரி அடித்தாள்: நானூற்றுப் பதினேழின் குறியை எடு. இயந்திரம் கேட்டது: யார்?

“மப்ரூகா, நிறுத்து!” ஃபாரெஸின் குரல் கடைசியில் உயர்ந்தது. “ஃபாக்டரிக்காரங்க லிஃப்ட்ல வந்துட்டு இருக்காங்க!”

“தெரியும். மூணு மணிக்குள்ள என் கையெழுத்து வேணும்னீங்களே.”

முழுப்பெயரையும் அடித்தாள். மப்ரூகா பிந்த் அம்மார் நஸ்ரி. அழுத்தினாள்.

போர்டு ஒரு முறை சாம்பலாகி, கட்டங்கள் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்தன. பச்சை, பச்சை, பச்சை. நானூறு தாண்டியது. நூமான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். பதினைந்து, பதினாறு.

சுவர் முழுக்கச் சிவப்பு வழிந்தது.

கதவு திறந்தது. சூஸ் தொழிற்சாலையின் எஞ்சினியர், நரைத்த தலைமுடியைப் பின்னால் கட்டிய ஒரு பெண்மணி, வாசலிலேயே நின்றாள். சிவப்பு வெளிச்சம் அவள் கண்ணாடியில் விழுந்தது. ஃபாரெஸ் கையை நீட்டிக்கொண்டு முன்னால் ஓடினான். அவள் அந்தக் கையைப் பார்க்கவில்லை.

“என்ன சிவப்பு இது?”

“உங்க தரையில தண்ணி கொட்டினதுக்குக் காரணம்,” என்றாள் மப்ரூகா, எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டபடி. “உக்காருங்க. முழுசா சொல்றேன். பத்து நாள் ஆகும், அதுக்கு முன்னாடி எதுவும் உங்களுக்கு வராது.”

அந்தப் பெண்மணி சிவப்பையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

ஹமாதி என் காதருகே குனிந்தார். “அப்ப நாளைக்குக் காலையில ஒரு கிலோவா?”

மப்ரூகாவுக்குக் கேட்டுவிட்டது. திரும்பாமலே சொன்னாள்.

“ரெண்டு கிலோ, ஹமாதி அண்ணே. நம்பரைப் பெருசா எழுதுங்க. பக்கத்துல என் பேரையும்.”